வான்கோழிக் குரல் போட்டிக்குப் பழகுவது எப்படி: பழனி மலைத்தொடரில் இருப்பவர்களுக்கு ஒரு கையேடு

அமெரிக்கக் காடுகளில் வசந்தகாலம் வந்ததும் ஆண் வான்கோழி கூவி அழைக்கும். பெட்டை அந்தக் குரலைத் தேடிப் போகும். இதுவே இயற்கை முறை. வேட்டைக்காரர் இதைத் தலைகீழாக்கி, மறைவில் அமர்ந்து பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தம்மிடம் வரவழைக்கிறார். இந்த வேட்டைத் திறனிலிருந்து பிரிந்து மேடையேறிய கலையே வான்கோழிக் குரல் போட்டி. அர்கான்சா மாநிலத்தின் யெல்வில் என்னும் சிற்றூரில் 1946 முதல் இத்தகைய போட்டி நடந்து வருகிறது. 1973-இல் தொடங்கப்பட்டு, தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு, டென்னசியின் நாஷ்வில் நகரில் கூடும் தன் மாநாட்டில் ‘கிராண்ட் நேஷனல்’ என்ற பெரும்போட்டியை நடத்துகிறது. அதில் எல்லாக் கருவிகளுக்கும் உரிய பொதுப்பிரிவு, சிலேட்டு, மரப்பெட்டி போன்ற உராய்வுக் கருவிகளுக்கான பிரிவு, சேவல் குரலுக்கான பிரிவு, ஆந்தைக் குரலுக்கான பிரிவு, சிறுவர் பிரிவு எனப் பல உண்டு.

இந்தியக் காடுகளில் வான்கோழி இல்லை. நம் ஊர்த் தோட்டங்களில் திரிவது, மெக்சிகோவில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் பழக்கிய பறவையின் வழித்தோன்றல். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வேட்டையைத் தடை செய்துவிட்டதால், கொடைக்கானலிலோ பண்ணைக்காட்டிலோ இருந்துகொண்டு இக்கலையைக் கற்பவருக்கு அதன் மேடைப் பகுதி மட்டுமே உரியது. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை. வேட்டையில் பறவை ஒருமுறை ஏமாந்தால் போதும். மேடையில் அந்தப் பறவையோடு ஆண்டுக்கணக்கில் பழகிய காதுகள் பல ஒரே நேரத்தில் ஏமாற வேண்டும். பயிற்சிக்கு மலை ஏற்ற இடமும்கூட. பெரும்பாலான மலை வீடுகளில் மின்விசிறி ஓடுவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் தெரு அடங்கிவிடுகிறது. கைப்பேசியில் பதிவு செய்தால் குரலைத் தவிர வேறெதுவும் விழாது.

பெட்டையின் ஒரு நாள்

கருவியைத் தொடுமுன், எந்த ஒலி எந்தச் சூழலில் பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். போட்டியில் அறிவிப்பாளர் ஒலிகளின் ஆங்கிலப் பெயர்களையே சொல்லி அழைப்பார் என்பதால் அப்பெயர்களை அப்படியே பழகிக்கொள்வது நல்லது. ஆனால் அவற்றைத் தனித்தனி ஒலிகளாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பெட்டையின் நாளோடு சேர்த்து நினைவில் வைப்பதே சரியான வழி.

காட்டு வான்கோழி இரவில் மரக்கிளையில் அடையும். விடியுமுன், கண் விழித்த பெட்டை அலகை அதிகம் திறக்காமல் மூன்று முதல் ஐந்து மெல்லிய குரல்களை எழுப்பும். இது ‘ட்ரீ கால்’. பக்கத்துக் கிளையில் இருப்பவரிடம் பேசும் அளவுக்கே அதில் ஒலி இருக்கும் என்பதால், மேடையில் இதை உரக்க எழுப்புபவர் முதல் ஒலியிலேயே மதிப்பெண்ணை இழக்கிறார். வெளிச்சம் வந்ததும் பெட்டை சிறகடித்துத் தரையிறங்கும். அப்போது வரும் ‘ஃப்ளை டவுன் காக்கிள்’ மெதுவாகத் தொடங்கி, சிறகடிப்போடு விரைந்து ஏறி, கால் தரையைத் தொடும் நேரத்தில் தளர்ந்து முடியும். பத்து அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட குறுங்குரல்கள் கொண்ட இந்த ஒலியில், பறவை எங்கே கிளையை விட்டது, எங்கே தரையைத் தொட்டது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

தரைக்கு வந்தபின் எழும் ‘யெல்ப்’ என்பதே இக்கலையின் அடிப்படை. ஒவ்வொரு யெல்ப்பும் இரண்டு பகுதிகளால் ஆனது: முதலில் உயர்ந்த, மெலிந்த, தெளிவான ஒரு சுரம், அது உடைந்து, கீழே கரகரப்பான ஒரு சுரத்தில் விழுகிறது. இந்த உடைவு இல்லாத யெல்ப் வெறும் சீழ்க்கையாகவோ வெறும் கரகரப்பாகவோ நின்றுவிடும். சாதாரண யெல்ப் நான்கு முதல் ஏழு குரல்கள் கொண்ட ஒரு தொடர். கூட்டத்தைத் திரட்ட மூத்த பெட்டை எழுப்பும் ‘அசெம்ப்ளி யெல்ப்’ இதைவிட நீண்டது, அதிகாரம் மிக்கது. இரை பொறுக்கும்போது ஒற்றைச் சொடுக்காக வருவது ‘கிளக்’. அதனுடன் கலந்து, மென்மையாக உருண்டு வருவது ‘பர்’. பெட்டை பரபரப்படைந்தால் கிளக்குகள் கூர்மையாகி, விரைவாகி, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வெடிக்கும். அதற்குக் ‘கட்டிங்’ என்று பெயர்.

இலையுதிர் காலத்தில், கூட்டத்தைத் தவறவிட்ட இளம்பறவை உயர்ந்த சீழ்க்கையாக மூன்று குரல் எழுப்பித் தாயை அழைக்கும். இது ‘கீ-கீ’. சீழ்க்கை முடிந்து தடுமாற்றமான சில யெல்ப்புகளும் சேர்ந்தால் அது ‘கீ-கீ ரன்’. பெரியவர்களாகிய போட்டியாளர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். முதிர்ந்த பெட்டையின் உறுதியான யெல்ப்பைக் குஞ்சின் சீழ்க்கைக்குப் பின்னால் ஒட்டவைத்துவிடுகிறார்கள். குரல் இன்னும் உடையாத இளம்பறவை அது என்பதை இறுதிவரை மறக்கக் கூடாது.

சேவலின் ‘காபிள்’ தனிப் பிரிவு. தொடக்கக்காரர் அதைப் பின்னாளுக்கு ஒத்திவைக்கலாம்.

எங்கே கேட்பது

புளோரிடாவைச் சேர்ந்த உயிரியலாளர் லவெட் வில்லியம்ஸ் காட்டு வான்கோழியின் குரல்களை நீண்ட காலம் பதிவு செய்து, எந்தக் குரல் எந்த நிலையில் எழுகிறது என்று வகைப்படுத்தியவர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகமும் ‘சீனோ-கான்டோ’ என்ற பறவைக்குரல் தொகுப்பும் காட்டுப் பறவையின் உண்மையான பதிவுகளை இணையத்தில் கேட்கத் தருகின்றன. முதல் சில வாரங்கள் இவற்றை மட்டுமே கேட்க வேண்டும் என்பது என் கண்டிப்பான பரிந்துரை. வெற்றியாளர்களின் மேடைக் காணொளிகளைத் தொடக்கத்திலேயே கேட்பவர், பறவையைப் பின்பற்றுவதற்குப் பதிலாக, பறவையைப் பின்பற்றும் மனிதரைப் பின்பற்றத் தொடங்கிவிடுகிறார்; அந்தப் பழக்கம் எளிதில் விடாது.

உயிருள்ள பறவையையும் கேட்க வேண்டும். வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கத்துத் தோட்டங்களில் வான்கோழி வளர்ப்பவர்கள் உண்டு. சென்னை நந்தனத்தில் உருவாக்கப்பட்ட ‘நந்தனம் வான்கோழி-1’ போன்ற கலப்பினங்களும், பண்ணைகளில் வளரும் கனத்த உடல் கொண்ட இனங்களும், நாட்டுக் கறுப்பு வான்கோழியும் ஒரே பறவையின் வகைகளே என்பதால், யெல்ப், கிளக், பர் ஆகிய மூன்றையும் இவற்றிடம் தாராளமாகக் கேட்கலாம். கனத்த பண்ணைப் பறவை பறந்து இறங்காது; ஆகையால் காக்கிளுக்குப் பதிவுகளையே நம்ப வேண்டும். உடல் இலேசான நாட்டு வகை சுவரிலும் தாழ்ந்த கிளையிலும் அடைவதுண்டு. அத்தகைய இடத்தில் உரிமையாளரின் அனுமதியோடு விடியற்காலையில் போய் உட்கார்ந்தால் கிடைப்பது அதிகம். பண்ணைக்குள் நுழையுமுன் செருப்பைக் கிருமிநாசினியில் நனைத்துச் செல்வது கட்டாயம். ஒரு பண்ணையின் நோயை இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோகும் வழி பெரும்பாலும் நம் கால்கள்தாம்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் குரல் எழுப்பியதும் சேவல் உடனே காபிள் செய்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். கதவு அடித்தாலும், லாரி ஹாரன் ஒலித்தாலும், யாராவது தும்மினாலும் அது அப்படித்தான் செய்யும். இரை பொறுக்கிக்கொண்டிருக்கும் பெட்டை தலையை நிமிர்த்தி, நின்று, பதிலுக்கு ஒரு யெல்ப் விட்டால்தான் அது சான்றிதழ்.

தாளம் முதலில், தொனி பிறகு

தொடக்கக்காரர் எல்லாரும் தொனியைத் துரத்துகிறார்கள்: கரகரப்புப் போதுமா, சுரம் உயரமா என்று. உண்மையில் தொனி சற்றுப் பிசகிய, ஆனால் நடை சரியாக அமைந்த குரலைக் காது பறவை என்று ஏற்றுக்கொள்கிறது. தொனி மிகச் சரியாக இருந்தும் நடை பிசகிய குரலை அது உடனே மனிதர் என்று கண்டுகொள்கிறது. காட்டிலே பறவைகளும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. தடித்த குரல், மெலிந்த குரல், கீச்சுக் குரல் எல்லாம் உண்டு. அவை ஒன்றுபடுவது நடையில்தான்.

நடையைப் பிடிப்பதற்கு நம்மிடம் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை, என்ற நல்ல வழி இருக்கிறது. பதிவைக் கேட்டு, கருவி எதுவும் இல்லாமல், தொடையில் தட்டிக்கொண்டு வாயால் சொல்லிப் பாருங்கள். சாதாரண யெல்ப்புக்கு ‘தோம் தோம் தோம் தோம்’ என்ற சமநடை பொருந்தும். கடைசி ஒன்றிரண்டு சொற்கள் ஒலி தணிந்து விழ வேண்டும். காக்கிளை ‘த... த.. தக தகதகதக தக.. த... த’ என்று ஏறி இறங்கும் நடையாகச் சொல்லலாம். கீ-கீ ரன்னில் மூன்று நீண்ட சீழ்க்கை, சிறு இடைவெளி, பிறகு நாலைந்து குறுஞ்சொற்கள். இப்படிச் சொல்லில் நிலைபெற்ற நடை பின்னர் கைக்கும் நாவுக்கும் தானே இறங்கிவிடும்.

லயப் பயிற்சி உள்ளவர்களுக்கு இதில் ஓர் இடர் உண்டு. மிருதங்கமோ தவிலோ பழகிய கை, கட்டிங்கை வாசிக்கும்போது தன்னையறியாமல் தாளத்தின் தொடக்கமான சமத்துக்குத் திரும்பும். எண்ணிப் பார்த்தால் எட்டிலோ பதினாறிலோ அழகாக முடிந்திருக்கும். பறவைக்கு ஆவர்த்தனம் என்ற தாளச்சுற்று கிடையாது. ‘தக்... தக்தக்... தக்... தக்தக்தக்... தக்’ என்று வரும் இடைவெளிகள் எந்தக் கணக்குக்கும் அடங்கக் கூடாது. அத்தகையவர்கள் ஒரே பறவையின் ஒரே பதிவை எடுத்து, அதன் ஒழுங்கின்மையை உள்ளது உள்ளபடி நெட்டுருப் போட்டுக்கொள்வது நல்லது. தாமே கற்பனையில் ஒழுங்கைக் குலைக்க முயன்றால், அந்தக் குலைவிலும் ஒரு கணக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கல் சிலேட்டும் கொட்டாங்குச்சியும்

முதல் கருவியாக, மூடி உரசி ஒலிக்கும் மரப்பெட்டியைப் பரிந்துரைப்பவர்களே அமெரிக்காவில் அதிகம். நான் சிலேட்டைச் சொல்வேன். செய்யும் தவறு அதில் கண்ணுக்குத் தெரியும். மேலும் அதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். கருவியின் அமைப்பு எளியது: ஆழம் குறைந்த ஒரு கிண்ணம், அதன் வாயில் ஒட்டிய சிலேட்டுத் தகடு, அதன்மீது உரசும் ஒரு மரக்குச்சி. குச்சியின் நுனி கல்லில் ஒட்டி, விடுபட்டு, மீண்டும் ஒட்டும் அதிர்வை அடியிலுள்ள கிண்ணம் பெருக்குகிறது. சிலேட்டுக்குப் பதிலாகக் கண்ணாடியும் அலுமினியமும் பயன்படுகின்றன. அவை உரத்த, கூரிய குரல் தரும். கல் மென்மையான குரல் தரும்.

பழைய பள்ளிச் சிலேட்டு, அதாவது தகரமோ அட்டையோ அல்லாத உண்மையான கல் சிலேட்டு, உடைந்த துண்டாகக் கிடைத்தாலும் போதும். எட்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு வட்டத்தை வரைந்து, கல்லை நீரில் நனைத்துக்கொண்டே இரும்பு அறுக்கும் ரம்பத்தால் மெதுவாக அறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் அறுத்தால் எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. கிண்ணத்துக்கு முற்றிய தேங்காயின் கண்ணுள்ள பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று கண்களையும் துளைத்துவிட்டால் அவையே ஒலி வெளியேறும் துளைகளாகிவிடும். உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து நார் நீக்கி, வாய்விளிம்பைச் சமமான தரையில் தேய்த்து ஆட்டமில்லாமல் ஆக்கி, விளிம்பில் மட்டும் பசையிட்டுச் சிலேட்டை ஒட்ட வேண்டும். பசை உள்ளே வழிந்தால் கல்லின் அதிர்வு அடங்கிவிடும். கொட்டாங்குச்சியின் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் குரல் குகைக்குள்ளிருந்து வருவதாக ஒலிக்கும். ஆகவே ஆழத்தைக் குறைத்து அறுப்பது நல்லது.

குச்சிக்கு மரம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலைத் தோட்டங்களில் கவாத்து முடிந்து குவிந்து கிடக்கும் காப்பிக் கிளைகள் இறுகிய, நெருங்கிய இழை கொண்டவை. கொய்யாவும் மூங்கிலும் வேறு வேறு குரல் தரும். பச்சையாக வெட்டியதை நிழலில் நன்றாக உலர்த்தி, ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, நுனியைச் சிறிது உருண்டையாகச் சீவி, மேல்முனையைச் சற்றுக் கனமாக விட்டுவிட வேண்டும். ஒரே சிலேட்டில் குச்சியை மாற்றினால் வேறொரு பறவை பேசும். எனவே நாலைந்து குச்சிகளைச் செய்து, எதில் எந்த ஒலி நன்றாக வருகிறது என்று குறித்துவைப்பது மேடையில் உதவும்.

கல்லின் வழவழப்பை நீக்கப் பாத்திரம் துலக்கும் பச்சை நாரால் ஒரே திசையில் தேய்த்து, அந்தக் கீறல்களுக்குக் குறுக்காகக் குச்சியை ஓட்ட வேண்டும். கிண்ணத்தை உள்ளங்கையில் அமர்த்தாமல் விரல்நுனிகளால் தாங்கிப் பிடியுங்கள். உள்ளங்கை துளைகளை மூடினால் குரல் செத்துவிடும். கல்லின் மேற்பரப்பை விரலால் தொடக் கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் குச்சி வழுக்கும்.

குச்சிக்குப் பேனாப் பிடியே போதும். நுனியைக் கல்லிலிருந்து எடுக்காமல், விளிம்புக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய நீள்வட்டங்களைப் போட்டால் யெல்ப் பிறக்கும். வட்டத்தின் ஒரு பாதியில் அழுத்தம், மறுபாதியில் தளர்வு. அழுத்தத்தில் மேல்சுரமும் தளர்வில் கீழ்ச்சுரமும் வந்து, இடையில் அந்த உடைவு நிகழ வேண்டும். விளிம்பை நோக்கிப் போகப் போகச் சுரம் உயரும்; நடுவை நோக்கி வந்தால் தாழும். கிளக்குக்கு நுனியை அழுத்தி ஒரு சிறு இழுப்பில் வெட்டிவிட வேண்டும். பர் வேண்டுமானால் குச்சியை நன்றாகச் சாய்த்து, அதன் எடையைத் தவிர வேறு அழுத்தம் எதுவும் இல்லாமல், மிக மெதுவாக ஒரு கோடு இழுக்க வேண்டும். அவசரம் கொண்ட கைக்கு இது வராது. கீ-கீக்கு விளிம்பை ஒட்டி, அழுத்தமான சிறு கோடுகள்.

மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளும் நுழையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லும் குச்சியும் ஈரத்தை வாங்கிக் குரலை இழந்துவிடும். செருப்புப் பெட்டியில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் வைப்பதும், எடுத்தவுடன் குச்சி நுனியை உப்புத்தாளில் இருமுறை தேய்ப்பதும் போதிய மருந்து. அந்த மாதங்களில் அலுமினியத் தகடு கல்லைவிட நம்பத்தக்கது.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அர்கான்சாவின் ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றும் பெரும்பாலும் வழக்கில் இருக்கிறது: நீண்ட மெல்லிய மரப்பெட்டி, அதன் ஒரு முனையில் திருகாணியால் தளர்வாகப் பொருத்திய, கைப்பிடி கொண்ட மூடி. மூடியின் வளைந்த அடிப்பகுதி பெட்டியின் சுவர் விளிம்பில் உரசும்போது யெல்ப் வருகிறது. விளிம்பில் சுண்ணக்கட்டி பூச வேண்டும். அது எண்ணெயோ மெழுகோ கலவாததாக இருப்பது இன்றியமையாதது. மூடியைத் தூக்கித் தூக்கி வைக்காமல், விளிம்போடு ஒட்டியே ஓட்டிப் பழகினால் பெட்டி மிக விரைவில் கைவந்துவிடும்; அதன் எல்லையும் அவ்வளவு விரைவில் தெரிந்துவிடும்.

வாய்க்குள் வைக்கும் சவ்வு

பொதுப்பிரிவில் நிற்க விரும்புபவருக்கு இது தவிர்க்க முடியாதது. லாட வடிவ உலோகச் சட்டத்தில் மிக மெல்லிய லேடெக்ஸ் சவ்வு ஒன்றோ இரண்டோ மூன்றோ இழுத்துப் பொருத்தப்பட்டு, சுற்றிலும் ஒட்டுநாடா விளிம்பு வைக்கப்பட்டிருக்கும். சவ்வின் ஓரத்தை வெவ்வேறு வடிவங்களில் வெட்டிக் கரகரப்பை உண்டாக்குகிறார்கள். தொடக்கத்தில் வெட்டு எதுவும் இல்லாத, ஒன்றோ இரண்டோ சவ்வு கொண்டதையே வாங்க வேண்டும். இறக்குமதிப் பொருள் என்பதால் ஒன்றுக்கு நாலாக ஒரே முறையில் வரவழைப்பது சிக்கனம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ பழகுவதும் ஆபத்து, ஏனெனில் விழுங்கும் அளவிலேயே இது இருக்கிறது.

சட்டத்தின் திறந்த பக்கம் முன்பற்களை நோக்கி இருக்கும்படி நாவின்மேல் வைத்து, மேலண்ணத்தில் அழுத்துங்கள். ஒட்டுநாடா அதிகமாக இருந்தால் கத்தரியால் சிறிது சிறிதாக நறுக்கி, அண்ணத்தின் வளைவுக்குப் பொருத்த வேண்டும். முதல் சில நாட்கள் குமட்டல் வருவது இயல்பு. ஓசை எழுப்ப முயலாமல் வெறுமனே வாயில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்த்தால் அது அடங்கும். பிறகு நாவின் நடுப்பகுதியைச் சவ்வோடு மெல்ல ஒட்டி, காற்றை அவ்விடைவெளியில் மட்டும் செலுத்த வேண்டும். கன்னத்தை உப்பி ஊதுவது பயன் தராது. குளிர்ந்த கண்ணாடியில் வாயாவி படர ஊதும்போது எப்படி அடிவயிற்றிலிருந்து வெதுவெதுப்பான காற்று வருகிறதோ, அப்படி வர வேண்டும். முதலில் சீறல்தான் வரும். நாவின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், ஏதோ ஓரிடத்தில் சீறல் சுரமாக மாறும்.

அந்த ஒற்றைச் சுரத்தை ஐந்து வினாடி ஆடாமல் பிடிக்கத் தெரியும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பிடிக்க வந்தபின், நாவின் அழுத்தத்தில் மேல்சுரத்தைத் தொடங்கி, தாடையைக் கீழே விட்டு அழுத்தத்தைத் தளர்த்தினால் சுரம் உடைந்து விழும். ‘சியோக்’ என்ற சொல்லை மூச்சால் சொல்வதாக எண்ணிக்கொள்ளலாம். தாடை அசையாமல் யெல்ப் வராது. கண்ணாடி முன் நின்று பழகினால் ஒவ்வொரு யெல்ப்புக்கும் தாடை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கிளக்குக்கு உதடுகளை மூடித் திறக்கும் ஒரு வெடிப்பு. கீ-கீக்கு நாவின் அழுத்தம் மிகுதி, காற்று குறைவு. பர் மிகக் கடினம். சிலர் உதட்டைத் துடிக்கவிட்டும், சிலர் தொண்டையில் கொப்பளித்தும் அதை எழுப்புகிறார்கள். இரண்டையும் முயன்று, உடல் எதற்கு இணங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் நாக்குச் சோர்ந்து, தவறான அழுத்தத்தைப் பழகிக்கொள்ளும். பயன்படுத்தியபின் கழுவி, சவ்வுகளுக்கிடையே ஒரு பல்குச்சியைச் செருகி உலர்த்தி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இல்லையேல் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும். ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்துவது அறவே கூடாது.

காட்டில் பழகக் கூடாது

மலையில் இருப்பவர்க்குச் சோலைக்குள் போய்க் குரல் எழுப்பிப் பார்க்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். கொடைக்கானலைச் சூழ்ந்த காடுகள் 2013-இல் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே வான்கோழிக் குரலுக்கு விடைசொல்லப் பறவை இல்லையென்றாலும், திடீரென்று வெடிக்கும் கட்டிங் புதருக்குள் நிற்கும் காட்டு மாட்டை வெருட்டக்கூடும். வெருண்ட காட்டு மாட்டுக்கு முன்னால் நிற்பது யாருக்கும் நல்லதன்று.

ஆந்தைப் பிரிவுக்குப் பழகுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆந்தைக் குரல் கேட்டதும் சேவல் வான்கோழி தன்னையறியாமல் காபிள் செய்து, தான் அடைந்திருக்கும் மரத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அக்குரல் வேட்டைக்காரரின் கருவியாயிற்று. போட்டியில் எழுப்புவது வட அமெரிக்காவின் பட்டை ஆந்தையின், நான்கும் நான்குமாக அமைந்த எட்டுச் சொல் கூவல். அதே பேரினத்தைச் சேர்ந்த பழுப்புக் காட்டு ஆந்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கிறது. தன் எல்லைக்குள் வேறோர் ஆந்தை புகுந்துவிட்டதாக எண்ணி இரைதேடுவதை விட்டுவிட்டு அது அலைய நேரிடும். கூடு வைத்திருக்கும் காலத்தில் அந்தத் தொந்தரவு பெரிது. ஆகவே சாத்திய அறை, மூடிய சன்னல், தொங்கவிட்ட கம்பளி ஆகியவையே பயிற்சிக்கூடம். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் விவேகம். சொல்லாவிட்டால், வான்கோழி விலைக்கு உண்டா என்று கேட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

போட்டிக்கான ஒத்திகை

மேடையில் நடப்பது இதுதான். போட்டியாளர்கள் சீட்டுக் குலுக்கி எண் பெறுகிறார்கள். நடுவர்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள். எண்ணைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குத் தெரியாது. அறிவிப்பாளர் குறித்த வரிசையில் ஒலிகளைக் கேட்க, போட்டியாளர் ஒவ்வொன்றையும் எழுப்புகிறார். ஒவ்வொரு ஒலிக்கும் தனி மதிப்பெண் உண்டு. பல போட்டிகளில் ஒருவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த மதிப்பெண்ணையும் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணையும் நீக்கிவிட்டு மீதியைக் கூட்டுகிறார்கள். சில பிரிவுகளில் வரிசையை விட்டுவிட்டு, ஒரு சூழலைச் சொல்லி அதற்குரிய ஒலிகளைக் கோர்த்துத் தரச் சொல்வதும் உண்டு.

இதை வீட்டில் நடத்துவதற்கு நான்கு பேர் போதும். ஒரு போர்வையைக் கட்டி, மூவரை அதற்குப் பின்னால் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாள் கொடுங்கள். மூவரில் ஒருவராவது வான்கோழி வளர்த்தவராக இருக்க வேண்டும். பலகுரல் கலையை விரும்பிக் கேட்கும் இருவரின் தீர்ப்பைவிட, தினமும் தீவனம் வைத்து, குஞ்சு தொலைந்தால் தேடிப்போன ஒரு பெரியம்மாவின் தீர்ப்பு நம்பத்தக்கது. நடுவே ஒருமுறை உண்மையான பறவையின் பதிவையும் எண் கொடுத்து ஒலிக்கவிடுங்கள். அதற்குக் குறைந்த மதிப்பெண் இட்ட நடுவரின் தாளை அன்றைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கைப்பேசியைப் பத்தடி தொலைவில் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றிரவே கேட்டால் எழுப்ப நினைத்ததுதான் காதில் விழும், எழுப்பியது விழாது. பெரும்பாலோர் பதிவில் முதலில் காணும் குறை வேகமும் உரப்பும்தான். மேடையில் ஒலிவாங்கி இருப்பதால் உரப்புக்கு அங்கே தேவையே இல்லை. ட்ரீ காலுக்கு ஒலிவாங்கியை நெருங்கியும், கட்டிங்குக்கு ஒரு அடி பின்வாங்கியும் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஓர் ஒலி முடிந்து அடுத்தது தொடங்குமுன் இரண்டு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் சவ்வை நாவால் சரிசெய்துகொள்ளவும் முடியும், நடுவரின் காதும் முந்தைய ஒலியை மறந்துவிடும். மேடையேறும் முன் குளிர்ந்த நீர் குடிக்க வேண்டாம். வெந்நீரில் வாய் கொப்பளித்து, சவ்வை அண்ணத்தில் பொருத்தி, உதட்டை மூடிக்கொண்டு, எண் அழைக்கப்படும்வரை யாரிடமும் பேசாமல் இருங்கள்.